மூன்றாவது கெட்டிமேளம்

"இதுவரைக்கும் எத்தினி கல்யாணம் எடுத்திருப்ப குமரகுரு?"

பெண்ணின் அப்பா பரமசிவம் இதைக் கேட்ட இடம் மணமேடை. நேரம் காலை ஏழு மணி. முகூர்த்தம் ஏழரைக்கு ஆரம்பம். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடத் தாமதமான நேரம் கிடையாது.

குமரகுரு மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஒன்று. அது அவனுடைய சொந்தக் கல்யாணம். அதிலும் அவன் எடுத்தது ஒரே ஒரு செல்ஃபி. அதில் மணப்பெண்ணின் காது மட்டும் விழுந்திருந்தது.

"கணக்கு வெச்சிக்கல மாமா," என்றான்.

பக்கத்தில் ஹோமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த குருக்கள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மார்பு வரைக்கும் தாடி, கழுத்தில் பெரிய ருத்திராட்சம், ஒரு 'ம்' சொன்னாலே ஒலிபெருக்கி வேண்டாத குரல். இவரிடம் பொய் செல்லாது என்று குமரகுருவுக்குத் தோன்றியது. கேமராவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

குமரகுருவுக்கு வேலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில். வந்து இறங்கும் புடவைகளை ஒரு பெண்ணுக்குக் கட்டிவிட்டுப் படம் எடுத்து, கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். "மூஞ்சி தெரிஞ்சா புடவைய எவன்யா பாப்பான்?" என்பது முதலாளி போட்ட சட்டம். ஆகவே கழுத்துக்கு மேலே எதுவும் படத்தில் வரக் கூடாது. நாலு வருஷமாக இந்தக் கலையில் அவன் ஊறிக் கிடந்தான்.

பரமசிவம் அந்தக் கடைக்கு நெய்து கொடுப்பவர். தான் நெய்த புடவையைக் குமரகுருவின் படத்தில் பார்த்துவிட்டு, "இது நான் நெய்ஞ்சதா?" என்று தானே மயங்கியவர். அந்த மயக்கத்தில்தான், "எம்பொண்ணு கல்யாணத்த நீயே எடுத்துடுப்பா," என்று முன்பணத்தைக் கையில் வைத்தார்.

ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று குமரகுரு நாலு நாள் யோசித்தான். சரியாகச் சொன்னால், நாலு நாளும் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் நாள் சாயங்காலமே அந்தப் பணத்தில் புது ஃபிளாஷ் வாங்கியாகிவிட்டது.

"வேணாம்னு சொல்லிடு. புடவை சரியா வரலன்னா பிரிச்சு மறுபடி கட்டலாம். கல்யாணத்த என்னா பண்ணுவ?" என்று கேட்டாள் மனைவி அகிலா.

"அதுல என்னாமா இருக்குது? ஐயரையே பாத்துக்கினு இருந்தா போதும். அவரு என்ன செய்றாரோ அத எடுக்க வேண்டியதுதான். எல்லாப் பெரிய போட்டோகிராபரும் அதான் பண்றாங்க."

அகிலா அடுப்படிக்குப் போய்விட்டாள். முட்டாள்தனத்தோடு வாதாட அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

இப்போது மேடையில் பரமசிவம் அவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, மத்ததெல்லாம் எப்டி வந்தாலும் போவுது. தாலி கட்டுற போட்டோ மட்டும் சுத்தமா வந்துடணும். எங்க கல்யாணத்துல போட்டோக்காரன் பிலிம் போட மறந்துட்டான். அவன் நான் கூட்டியாந்த ஆளு. இருவத்தாறு வருஷமா உங்க அத்தை அத சொல்லிக் காட்டிக்கினே இருக்கறா. இப்ப நீயும் நான் கூட்டியாந்த ஆளுதான்."

மேடையோரம் நின்றிருந்த அவர் மனைவி கலாவதி, கேமராவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். குமரகுரு மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா என்று மூன்று தடவை திறந்து பார்த்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். குருக்கள் ஹோமத்தை வளர்த்து நெய் ஊற்றினார். புகை நேராக வந்து லென்ஸில் படிந்தது. குமரகுரு துணியை எடுத்துத் துடைத்தான்.

குருக்கள் அவனையே பார்த்துக்கொண்டு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். இன்னும் புகை வந்தது. இன்னும் துடைத்தான். அவன் துடைக்கத் துடைக்க அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நெய்க் கிண்ணம் காலியாகி, சமையல்கட்டிலிருந்து பொங்கலுக்கு வைத்திருந்த நெய் வந்தது.

'நம்ம பொய்ய கண்டுபுடிச்சிட்டாரு. அதான் புகை போட்டுத் தொரத்துறாரு' என்று குமரகுரு முடிவு கட்டினான்.

மண்டபத்தில் பாதிப்பேர் இருமிக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள். கலாவதிக்குக் கண் எரிந்து தாரையாகக் கொட்டவே, முகம் கழுவிக்கொண்டு வர உள்ளே போனாள். நாதஸ்வரக்காரர் டீ வாங்கிக்கொண்டார். முகூர்த்தம் ஒன்பது மணி வரைக்கும் இருக்கிறது, இன்னும் எட்டுகூட ஆகவில்லை, அவசரம் ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

குமரகுரு ஒருவழியாகத் துடைத்து முடித்தான். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினான்.

"கெட்டிமேளம்," என்று முழங்கினார் குருக்கள்.

தாலி மாப்பிள்ளை வெங்கடேசனின் கைக்கு எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. தவில்காரர் கிடைத்ததைப் பிடித்து அடித்தார். நாதஸ்வரம் டீயோடு சேர்ந்து கொப்பளித்தது. வெங்கடேசன் ஒரு முடிச்சுப் போட, அவன் அக்கா ஓடிவந்து மற்ற இரண்டையும் போட்டாள். பதறிப்போன குமரகுரு கேமராவை இறக்கிவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தை அவன் நன்றாகத்தான் பார்த்தான். படம்தான் எடுக்கவில்லை.

முகம் கழுவிக்கொண்டு கலாவதி வந்தபோது மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"என் ஒரே பொண்ணு தாலி கட்டிக்கறத நான் பாக்கலியே," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "போட்டோவாவது வந்துச்சா?" என்று கேட்டாள்.

பரமசிவம் குமரகுருவைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமும் அந்தப் பார்வையில் இருந்தது. 'எடுக்கல மாமா' என்று சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். குமரகுரு வேறு மாதிரி சரிசெய்யப் பார்த்தான்.

"வந்துச்சு அத்தை. ஆனா நீங்க இல்லாத போட்டோ எதுக்கு? மாப்ள, சும்மா போஸ் மட்டும் குடுங்க. முடிச்சு மேல கைய வைங்க, போதும்."

குருக்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்துகொண்டே கேமராவைத் தூக்கினான்.

"கெட்டிமேளம்," என்றார் குருக்கள்.

மேளம் கொட்டியது. சும்மா கை வைத்திருந்த வெங்கடேசன் மிரண்டுபோய் இன்னொரு முடிச்சைப் போட்டான். அக்காவும் தன் பங்குக்கு இரண்டு போட்டாள். கலாவதி கையெடுத்துக் கும்பிட்டாள். குமரகுரு விடாமல் இருபத்தெட்டுப் படம் அடித்தான்.

"என்னாப்பா, ரெண்டு தரம் கட்றாங்க?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"பழைய முறைங்க. இப்ப யாரும் இவ்ளோ விஸ்தாரமா பண்றதில்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

குமரகுரு நிம்மதியாகத் திரையைப் பார்த்தான். பரமசிவம் மகளுக்கென்று நெய்த அரக்குப் புடவை ஜொலித்தது. கரை தெரிந்தது. முந்தியில் இருந்த அன்னப்பட்சிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தாலிக் கயிறுகூட ஓர் ஓரத்தில் இருந்தது. ஆனால் இருபத்தெட்டிலும் யாருக்கும் தலை இல்லை. கல்யாணம் செய்துகொண்டது ஒரு புடவையும் ஒரு வேட்டியும்.

அகிலா சொன்னதை அவன் நினைத்துக்கொண்டான். ஆணியடிக்கத் தெரியாத பயல் வீடு கட்ட ஒத்துக்கொண்டது போல் ஆகிவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டான். கடைக்கு இந்தப் படம் போயிருந்தால் அரை மணி நேரத்தில் பத்து ஆர்டர் வந்திருக்கும். இங்கே பத்துப் பேர் உதைக்க வருவார்கள்.

மெல்ல மேடையேறி வெங்கடேசன் அருகே உட்கார்ந்தான்.

"மாப்ள, இன்னும் ஒரே ஒரு தபா."

"அண்ணா, கயிறுல இடமே இல்லண்ணா."

"கைய மட்டும் வைங்க."

"அப்ப கூட கைய மட்டுந்தான் வெச்சேன்."

பெண் புவனேஸ்வரி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "மூணு முடிச்சுன்னு சொல்லித்தான்பா என்ன இங்க ஒக்கார வெச்சாங்க. இப்பவே ஆறு ஆயிடுச்சு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்னு சொல்லுங்க."

வெங்கடேசன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். இதுதான் சமயம் என்று குமரகுரு துள்ளி எழுந்து, தலை, தலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கேமராவைத் தூக்கினான்.

"கெட்டிமேளம்."

தவில்காரர் குமரகுருவை முறைத்துக்கொண்டே அடித்தார். அட்சதை தீர்ந்துபோயிருந்ததால் ஜனங்கள் கையில் அகப்பட்ட பூவைக் கிள்ளிப் போட்டார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. பின்னாலிருந்து கலாவதியும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தத் தடவை தலைகள் விழுந்தன.

அதோடு விட்டாரா குருக்கள்? அக்கினியை மூன்று சுற்று வர வேண்டும். குமரகுரு ஓர் ஓரத்திலிருந்து எடுத்தான், மறு ஓரத்துக்குப் போய்த் தூக்கினான், நாற்காலி மேல் ஏறித் தூக்கினான். அவன் தூக்கும்போதெல்லாம் குருக்கள் "இன்னொரு சுத்து" என்றார். பதினோராவது சுற்றில் வெங்கடேசனுக்குத் தலை சுற்றியது. அவனைப் பிடித்து உட்கார வைக்கக் குமரகுரு கேமராவைக் கீழே வைத்தான். அப்போதுதான் குருக்களும் நிறுத்தினார்.

பந்திக்கு எல்லோரும் நகர்ந்த பிறகு பரமசிவமும் கலாவதியும் அவனிடம் வந்தார்கள். குமரகுரு அந்த ஒரே படத்தைக் காட்டினான். வெங்கடேசன் நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறான். புவனேஸ்வரி வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்னால் கலாவதி, கண் சிவந்து, பூவிதழ் ஒன்று நெற்றியில் ஒட்டியபடி, மகளைப் பார்த்து நிற்கிறாள்.

கலாவதி கேமராவைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள்.

"சிரிச்சிக்கினே தாலி கட்டிக்கறா பாருங்க," என்றாள் கடைசியில். "நல்ல ஆளத்தான் கூட்டியாந்திருக்கீங்க."

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குமரகுருவின் தோளைத் தட்டிக்கொடுக்க வந்தவர், தட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்ல மனிதர்களிடம் பொய் சொன்னோமே என்று குமரகுருவுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலுக்கு வந்து அகிலாவுக்குப் போன் போட்டான்.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது. இன்னமே ஒருத்தரு கல்யாணத்துக்கும் நான் கேமராவ தூக்க மாட்டேன்மா. அந்தக் குருக்கள் மட்டும் இல்லன்னா நான் செத்தேன். எவ்ளோ அனுபவம் தெரியுமா? நான் ஒவ்வொண்ணயும் கோட்ட உடறேன், அவரு மொகம் சுளிக்காம திருப்பித் திருப்பிச் செய்யறாரு. பெரிய மனுசன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அந்தப் பெரிய மனிதர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தேங்காய்ப் பை ஒரு கையில், தாம்பூலப் பை ஒரு கையில். குமரகுரு பதறிக் கும்பிட்டான்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. நான் கொஞ்சம் படுத்திட்டேன்."

குருக்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். மேடையில் முழங்கிய குரல் இப்போது அவனுக்கு மட்டும் எட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை சின்ன காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம் ஒத்துண்டிருக்கேன். அதுக்கும் நீங்களே வந்துடணும் சார்."

"போட்டோ எடுக்கவா சாமி?"

"எடுத்தாலும் சரி, எடுக்காட்டாலும் சரி. எனக்கு இன்னிக்குத்தான் முதல் கல்யாணம். நீங்க கேமராவைத் தூக்கினாத்தானே சார் அடுத்ததைச் செய்யணும்னு எனக்குத் தெரியறது?"