அபூ கைத் வீட்டுக் கார் பாதை

"அபூ கைத், வண்டிய கொஞ்சம் பின்னாடி எடுங்களேன். உங்க சக்கரத்துக்கு அடியில நல்ல கீரை மாட்டிக்கிச்சு" என்றாள் எதிர்வீட்டு உம்மு பர்ஜஸ்.

அபூ கைத் பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தார். கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை ஏறிச் செல்லும் அவருடைய கார் பாதையில், மூன்று பெண்கள் பையும் கையுமாகக் குனிந்து குபைஸா கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். போன கோடையில்தான் அந்தப் பாதைக்குச் சரளைக்கல் கொட்டியிருந்தார். கொட்டினால் போதும், அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, அவரும் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிட்டார். குளிர்கால மழை தன் வேலையைக் காட்டியிருந்தது.

"இது கார் பாதை, உம்மு பர்ஜஸ்!"

"தெரியுது. ஆனா மண்ணு நல்ல மண்ணு."

அபூ கைத் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இயற்பெயர் மிஃப்லிஹ். மூத்த மகன் கைத்தை வைத்து, கைத்தின் அப்பா என்ற பொருளில் ஊர் அவரை அபூ கைத் என்றே கூப்பிடும். அம்மான் நகரின் மேற்குச் சரிவில் தான் கட்டிய வீட்டுக்கு ஈடாக அந்தத் தெருவில் வேறு வீடில்லை என்பது அவருடைய முடிவான கருத்து. கதவு, ஜன்னல், மாடிக் கைப்பிடி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவை. பாக்கி அந்தப் பாதை ஒன்றுதான். ஒரு தடவை போட வேண்டும், அப்புறம் துடைப்பமோ மண்வெட்டியோ தொடக் கூடாது, பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்த ஒரு பொருளை அல்லாஹ் எங்காவது படைத்திருப்பான், நாம்தான் சரியாகத் தேடவில்லை என்று அவர் நினைத்தார்.

"வெள்ளைக் கல் போட்டுடலாம்" என்று மதியச் சாப்பாட்டில் அறிவித்தார். "பளபளன்னு மெருகு போட்டது. கீரை என்ன, ஒரு புல்லு முளைக்காது."

"யாரு கழுவுறது?" என்றாள் மனைவி ஃபித்தா.

"கழுவவே வேண்டாம்னுதானே போடுறோம்!"

"வெள்ளைக் கல்லாம். கழுவ வேண்டாமாம்" என்று ஃபித்தா மகளிடம் சொன்னாள். மகள் ரனீம் தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

சரளை முழுவதும் அள்ளித் தெருவோரம் குவிக்கப்பட்டது. வெள்ளைக் கல் பதித்து முடிந்த அன்று, அபூ கைத் கேட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. வெயில் பட்டு அப்படிக் கூசியது. "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அபூ கைத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரமே பாலைவனத்திலிருந்து கம்சீன் காற்று கிளம்பி, செம்மண் தூசியைக் கொண்டுவந்து ஊர்மேல் கொட்டியது. எல்லார் வீட்டிலும்தான் கொட்டியது. வெள்ளைக் கல் அதை ஊருக்கே எடுத்துக் காட்டியது. குழாயில் தண்ணீர் வருவது வாரத்தில் ஒரு நாள். அந்த நாள் முழுக்க ஃபித்தா ஹோஸைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் வைத்த நீளத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கழுவினாள். தண்ணீர் சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, பள்ளத்தில் இருந்த எதிர்வீட்டுப் படிகளில் அருவியாக விழுந்தது.

எதிர்வீட்டு அபூ பர்ஜஸ் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"அபூ கைத், எங்க வீட்டு சோஃபா நனைஞ்சுபோச்சு."

"கல்லைப் பார்த்தீங்களா? ஒரு சொட்டுகூட உள்ள இழுக்கல!" என்றார் அபூ கைத்.

ஈரம் காய்வதற்குள் கேஸ்காரன் வந்தான். புது சிலிண்டரை எப்படியோ உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். சிலிண்டர் உட்காரவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பி, காய்கறிக் கடையின் தக்காளிப் பெட்டிகளைத் தட்டிவிட்டு, பள்ளிவாசல் ஓரமாக உருண்டு, தெருக்கோடியில் ஹாஜி ஸாயில் வீட்டு இரும்புக் கதவில் டமாரென்று மோதி நின்றது. ஹாஜி ஸாயில் அந்த வட்டாரத்துக்கே பெரியவர். யாருக்குள் என்ன வழக்கானாலும் அவர் சொல்வதுதான் முடிவு.

அன்று சாயங்காலம் ஹாஜி ஸாயிலே போன் செய்தார்.

"அபூ கைத்தா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் உன் வீட்டுக்கு ஒரு ஜாஹா வருது. நான்தான் முன்னால நின்னு கூட்டிட்டு வரேன்."

அபூ கைத் போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார். ஜாஹா என்றால் சாதாரணமா? பெரிய மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒரு காரியத்தைக் கேட்டு வாசலேறி வருவது. வருகிறவர்கள் எவ்வளவு பெரியவர்களோ, வீட்டுக்காரனுக்கு அவ்வளவு கௌரவம்.

"என்ன காரியமா, ஹாஜி?"

"அதைப் போன்லயா கேப்பாங்க? வந்துதான் கேப்போம்."

வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கு ஜாஹா வேறு எதற்கு வரும்? போன மாதம்தான் சல்ட் ஊரிலிருந்து ஒரு பல் மருத்துவரின் தாயார் வந்து ரனீமைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"அந்தம்மா அப்புறம் கூப்பிடவே இல்லையே, பாபா" என்றாள் ரனீம். "என்கிட்டயும் யாரும் எதுவும் கேக்கல."

"வெக்கப்படுறா" என்று அபூ கைத் மனைவிக்கு விளக்கினார்.

"வெக்கம் இல்ல பாபா, சந்தேகம்."

"ஏன், அந்தப் பையனைப் பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னு சொன்னேனா?" என்று சொல்லிவிட்டு ரனீம் எழுந்து போய்விட்டாள்.

போதாதா? ஒரே மகள். அவளைக் கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது, 'வீடென்றால் அபூ கைத் வீடு' என்று பேசிக்கொண்டே போக வேண்டும். அதில் ஒரு குறை நேர்ந்தால் அவரால் தாங்க முடியாது. வெள்ளைக் கல்லை எட்டிப் பார்த்தார். வருகிறவர்கள் பாதிப் பேர் ஊன்றுகோல் ஆசாமிகள். முதல் ஆள் வழுக்கினாலே சம்பந்தம் ஆஸ்பத்திரியில்தான் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு கல்லுடைக்கும் இயந்திரம் அலற ஆரம்பித்தது. அதைப் பிடித்திருந்தவன் ஷெஹாத்தா என்ற எகிப்துக்காரன்.

"நல்ல கல்லு பாஷா. உடைக்க மனசே வரல."

"உடை. அப்புறம் எதைப் போடலாம்னு சொல்லு. திரும்பிப் பார்க்கிற வேலையே இருக்கக் கூடாது."

"தாரைப் போடுங்க பாஷா. நகராட்சி ரோட்டுக்கு அதைத்தானே போடுது? போட்ட ரோட்டை நகராட்சி என்னிக்காவது திரும்பிப் பார்த்திருக்கா?"

மறுக்க முடியாத வாதம். உடைந்த வெள்ளைக் கல் சரளைக் குவியலின்மேல் ஏறியது. பாதையில் தார் இறங்கியது. கறுகறுவென்று, ஓரமெல்லாம் நேர்கோடாக இருந்த அதை அபூ கைத் மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். அப்புறம் வெயில் ஏறியது. தார் இளகியது. தெருப் பூனைகள் அதன்மேல் நடந்து, நேராக அபூ பர்ஜஸின் புது வெள்ளைக் காரில் முன்பக்கமாக ஏறி, கூரைமேல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்பக்கமாக இறங்கின. பள்ளிவாசல் படிகளில் கறுப்புச் செருப்புத் தடங்கள் பதிந்தன. எல்லாம் ஒரே செருப்பின் தடம்.

அந்த வெள்ளிக்கிழமை இமாம் அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அபூ கைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். வெளியே வந்ததும் அபூ பர்ஜஸின் தோளைத் தட்டினார்.

"கேட்டீங்கல்ல? கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க."

அபூ பர்ஜஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வர்ற வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆக, இவரும் ஜாஹாவில் வருகிறார்! மாப்பிள்ளை வீட்டார் தெருவிலேயே ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று அபூ கைத் வியந்துபோனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், நிறுத்தியிருந்த கார் தாரில் நான்கு குழி பதித்து உட்கார்ந்திருந்தது. ஷெஹாத்தா வந்து கடப்பாரை போட்டு நெம்பினான்.

"பேவர் பிளாக் போட்டுடுவோம் பாஷா. வழுக்காது, உருகாது, அழுக்கும் தெரியாது. மணலைப் பரப்பி அடுக்கினா முடிஞ்சுது."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க மொதல்ல என்னைக் கூப்பிடலையே பாஷா."

தார் சுரண்டப்பட்டு, தெருவோரக் குவியலின் மூன்றாவது அடுக்கானது. குவியலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் பள்ளிக்கூட வேன் தெருவுக்குள் வருவதை நிறுத்திவிட்டது. பாதையில் மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து அமுக்கினார்கள். வியாழக்கிழமை பிளாக் ஏற்றிய லாரி மேட்டில் முக்கி முக்கி ஏறி வந்து, தெருவின் குறுகலான இடத்தில் குறுக்காக நின்று, கடைசியாக ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்துபோனது. உதிரிப்பாகம் வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கிப்போன டிரைவர் வரவில்லை. லாரிக்கு இந்தப் பக்கம் இருந்த கார்கள் வெளியே போக முடியவில்லை, அந்தப் பக்கம் இருந்தவை உள்ளே வர முடியவில்லை. இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"இப்பவே கல்யாணக் களை வந்துடுச்சு பாரு" என்றார் அபூ கைத்.

"அது சந்தோஷத்துல அடிக்கிற ஹாரன் மாதிரி தெரியல" என்றாள் ஃபித்தா.

வெள்ளிக்கிழமை மதியம். பாதையில் மணல்தான் கிடந்தது. ஆனாலும் அபூ கைத் அசரவில்லை. வீட்டிலிருந்த கம்பளங்கள், தம்பிமார் வீட்டுக் கம்பளங்கள் எல்லாவற்றையும் கேட்டிலிருந்து வாசல்வரை மணல்மேல் விரித்தார். சிவப்பும் நீலமுமாக அது ஏறிப்போன அழகில் அவரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். தம்பிமாரும் பங்காளிகளும் மேலங்கி போட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். சமையலறையில் குனாஃபா இனிப்புத் தட்டுகள் தயார். உள்ளறையில் பெண்கள் குலவையிடத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். ரனீமும் புது உடுப்பு உடுத்திக்கொண்டு, ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தபடி நின்றாள்.

அஸர் தொழுகை முடிந்தது. ஜாஹா நடந்தே வந்தது. லாரி மறித்திருக்கும்போது வேறெப்படி வருவார்கள்? முன்னால் ஹாஜி ஸாயில். அவருக்கு ஒரு பக்கம் இமாம், மறுபக்கம் அபூ பர்ஜஸ். பின்னால் காய்கறிக் கடைக்காரர், பள்ளிக்கூட வேன்காரர், இன்னும் தெருவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும். கேஸ்காரன்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கேஸ்காரன்வரைக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்கள் என்றால் என்ன செல்வாக்கான சம்பந்தம் என்று அபூ கைத்துக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளையைத்தான் காணவில்லை. அடக்கமான பையன், கடைசியில் நிற்பான்.

வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஹாஜி ஸாயிலுக்கு முன்னால் கசப்புக் காபி வைக்கப்பட்டது. அவர் அதைத் தொடவில்லை. ஜாஹாவின் முறை அது. வந்த காரியம் கிடைத்தால்தான் கோப்பையை எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் காபி அப்படியே இருக்கும், வீட்டுக்காரன் பெயர் போகும். கொடுத்துவிட்டால், கொடுத்த வாக்கை எந்த ஆண்மகனும் திரும்ப வாங்க முடியாது.

"அபூ கைத்," ஹாஜி ஸாயில் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நாங்க ஒரு காரியமா வந்திருக்கோம். அது முடியாம இந்தக் காபிய நாங்க குடிக்கிறதா இல்ல. விஷயம் என்னன்னா..."

பெண் வீட்டின் சார்பில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து பதில் சொல்வதுதான் வழக்கம். அபூ கைத் அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாஜியை முடிக்கவும் விடவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"காபியக் குடிங்க! என் வாசல் மிதிச்சு இத்தனை பெரிய மனுஷங்க வந்தப்புறம் நான் இல்லேன்னு சொல்லுவேனா? நீங்க எது கேட்டு வந்தீங்களோ அது உங்களுக்குத்தான். கொடுத்தேன்! அல்லாஹ் சாட்சி, இங்க இருக்கிற அத்தனை பேரும் சாட்சி!"

ஹாஜி ஸாயில் கோப்பையை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். அவரைப் பார்த்து எல்லாரும் அவசரம் அவசரமாகக் குடித்தார்கள். இமாம் கையை ஏந்தி ஃபாத்திஹா ஓத, மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் ஆமீன் சொன்னது. உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. அபூ பர்ஜஸ் பாய்ந்து வந்து அபூ கைத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது.

தன் வாழ்நாளில் இப்படி ஒரு கௌரவத்தை அபூ கைத் கண்டதில்லை. வரிசையாக நின்ற தம்பிமாரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குனாஃபா தட்டை ஏந்தியபடி ஹாஜியின் முன்னால் போய் நின்றார்.

"ஹாஜி, நான் குறுக்க பேசிட்டேன். நீங்க கேக்க வந்ததை உங்க வாயாலயே சொல்லிடுங்க. உள்ள பொம்பளைங்களும் கேக்கட்டும்."

ஹாஜி ஸாயில் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அல்லாஹ் உன்னை வாழவைக்கட்டும் அபூ கைத், இன்னிக்கு எப்படிக் கிடக்கோ அப்படியே கிடக்கட்டும், இனிமே உன் கார் பாதையில நீ ஒரு கல்லைப் போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. இந்தத் தெரு மொத்தமும் உன்கிட்ட கேட்டு வந்தது அது ஒண்ணுதான்."