வாளிக்குப் போட்ட பூஜை

ஒரு வேலையை வீடியோவில் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்தே அதைச் செய்து வருகிறவர்கள் போலக் களத்தில் இறங்கும் ஆட்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் முன்வரிசை. (பதுளை டவுனில் போன் கடையில் வேலை. வேறு எப்படி இருப்பேன்?)

என் மனைவியின் அண்ணன் செல்வம் தச்சு வேலை தெரிந்தவர். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போய், வெறுத்துத் திரும்பியிருந்தார். பக்கத்தில் எல்ல என்ற ஊரில் புதிதாகக் கட்டும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்குக் கதவு, ஜன்னல் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆயுத பூஜைக்கு மறுநாளே தொடங்க வேண்டும். ஆனால் அவருடைய வாள், உளி, சீவுளி எல்லாம் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்கடியில் கிடந்து துருப்பிடித்திருந்தன.

“குடுங்க மச்சான், பூஜைக்குள்ள பளபளன்னு ஆக்கித் தர்றேன்” என்றேன்.

“பாத்து மாப்புள, எங்கிட்ட வேற சாமான் இல்ல” என்றார்.

வீடியோக்காரன் சமையலுக்கு ஊற்றும் வினாகிரியில் ஊற வைக்கச் சொன்னான். வினாகிரிக்கே துரு போகும் என்றால், கக்கூஸ் கழுவும் அசிட்டுக்கு அலறிக்கொண்டு ஓடாதா? (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) பூஜையன்று மத்தியானம் எல்லாவற்றையும் ஒரு வாளி அசிட்டில் முக்கித் துணியால் மூடினேன். மனைவி கேட்டபோது, “எண்ணெயில ஊறுது” என்று சொல்லி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்று பொரி கடலை வாங்க டவுனுக்குப் போனேன். வரும்போது பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் என் வாளி! நெற்றி நிறைய திருநீறு, சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை.

“நேரமாச்சுன்னு வாளியோடயே வச்சிட்டோம்” என்றாள் மனைவி. “ஏங்க, சாம்பிராணி ஏன் இப்படி நெடி அடிக்குது?”

“நல்ல சாம்பிராணி அப்படித்தான்” என்றேன்.

பொட்டு வைத்த சாமானை விடியும்வரை யாரும் தொடக்கூடாது. மச்சான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ‘அது எண்ணெய் இல்லை மச்சான்’ என்று அப்போதே சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. நானும் பக்கத்தில் நின்று வாளியைக் கும்பிட்டேன்.

காலையில் துணியை எடுத்தோம். துரு சுத்தமாகப் போயிருந்தது. கூடவே வாளின் பற்களும் போயிருந்தன. உளிகளுக்கு முனையே இல்லை. சீவுளியின் தகடு சல்லடை.

மச்சான் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துரு போயிருச்சு மாப்புள” என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதிது வாங்க இருவரிடமும் காசில்லை; இரவல் சாமான் கேட்டு அலைந்தோம். முந்தின நாள் பூஜை போட்ட சாமானை, தான் தொட்டு வேலை தொடங்கும் முன்னே யார் தருவார்கள்? கெஸ்ட் ஹவுஸ்காரரும் காத்திருக்கவில்லை. அந்த வாரமே மச்சான் கொழும்பு பஸ் ஏறினார். அந்த கெஸ்ட் ஹவுஸ் ஜன்னல்களை இன்றைக்கும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவரிடமிருந்து போன் வரும். “மாப்புள, வாளிக்குப் பொட்டு வச்சாச்சா?” ஸ்பீக்கரில் அதைக் கேட்டு வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் போனை வைக்கும்வரை அந்தப் பக்கம் கோப்பை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.