பொன்பூவைத் தேய்த்தெடுத்த மாப்பிள்ளை

அன்ஹுவா

அன்புத் தங்கை சூயுனுக்கு அண்ணன் தேஹுவா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி குய்யிங்கும் மூட்டுவலி நீங்கலாக நலம். ஹாங்சோவில் நீயும் மச்சானும் நலமாகவே இருப்பீர்கள். அந்தத் தெம்போடு உடனே உன் பக்கத்து வீட்டுக்குப் போய், நீ பார்த்து அனுப்பிய பையன் காய்மிங்குக்கும் என் மகள் ரூயிக்கும் கல்யாணம் நடக்காது என்று அவன் பெற்றோரிடம் சொல்லிவிடவும்.

காரணம் கேட்பாய். ரூயி பிறந்த வருஷம் நான் வாங்கி வைத்த கருந்தேயிலைக் கட்டி உனக்கு நினைவிருக்கும். அவளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கும் நாளில் உடைத்துக் காய்ச்சுவதென்று, யார் கேட்டும் கொடுக்காமல் அலமாரிமேல் காற்றோட்டமாக வைத்துக் காத்தேன். ஓரத்தில் காகிதம் கிழிந்த இடத்தில் மஞ்சள் பொட்டுப் பொட்டாகப் பொன்பூ தெரிவதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். நீ பச்சைத்தேயிலை ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், மறந்திருப்பாய். அது பூசணம்தான், ஆனால் நொதித்த இலையைக் கட்டியாக அமுக்கி, வெதுவெதுப்பான அறையில் வைத்து நாமே வரவழைக்கும் பூசணம். அது பூக்காத கட்டியை நம் ஊரில் மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் போடுவார்கள்.

நேற்று பையன் வந்தான். பக்கத்து வீட்டுப் பெங்கைத் தேநீருக்கு அழைத்துவர நான் வெளியே போன நேரத்தில், மாமனாருக்கு உபகாரம் செய்கிறேன் என்று கட்டியை இறக்கி, காகிதத்தை உரித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்து வைத்திருக்கிறான்.

"மாமா, நல்லவேளை நான் பாத்தேன். ஒரே பூசணம். ஒரு பொட்டு விடாம எடுத்துட்டேன்," என்றான். அதோடு விட்டானா? "காலாவதி தேதியையும் காணோம். எதுக்கும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவோமா?"

தன் கிண்ணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்த பெங், "மாப்பிள்ளை ரொம்பச் சுத்தம்ப்பா. நீ தூங்குறப்ப உன் நரையையும் தேய்ச்சு எடுத்துடப் போறாரு," என்றார். தெரு முழுக்க இப்போது இதே பேச்சு.

கல்யாணமே கிடையாது என்று சொல்லிவிட்டேன். ரூயி என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க எனக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா, தேயிலைக்குக் காவல்காரன் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனவள் இன்னும் இறங்கவில்லை. பையனோ வாசல் படியை விட்டு நகரவில்லை. உன் அண்ணி இரண்டு வேளையும் அவனுக்குச் சோறு போட்டுவிட்டாள். நம் மிளகாய் தாங்காமல் அவன் கண்ணில் தண்ணீர் கொட்ட, நான்தான் அழவைத்தேன் என்கிறது தெரு. எனக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மச்சானுக்கு என் மரியாதை. பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, பிறர் அலமாரியைத் தொடாமல் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன் தேஹுவா

பின்குறிப்பு: வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். குப்பையில் போடுவதாகச் சொல்லி உன் அண்ணி கட்டியைக் கத்தியால் நெம்பினாள். உள்ளே முழுக்கப் பொன். "பூ உள்ளதானே பூக்கும்? இத்தனை வருஷமா ஓரத்தையே காட்டிட்டு இருந்தீங்க," என்றாள். எனக்குத் தெரியாததா? உடைத்தால் ரூயி புறப்பட்டுவிடுவாள் என்ற பயம்தான். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உடைந்த கட்டியைக் காய்ச்சி, மாப்பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டுக் குடித்தாயிற்று. நிலாத் திருநாளுக்கு மறுநாள் கல்யாணம், தவறாமல் வரவும். எந்தப் பிரஷ்ஷால் தேய்த்தார் என்பதை மாப்பிள்ளை நான் மூன்றாவது கிண்ணம் குடித்த பிறகுதான் சொன்னார். வரும்போது எனக்கு ஒரு புது பல் பிரஷ் வாங்கி வரவும்.