முதலில் அப்பாவுக்கு

"ஊசியா? யாரு சொன்னது? சும்மா சிஸ்டரைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று சுகாதார நிலையத்தில் மகளிடம் அடித்துவிட்டார் கிரேன்காரர்.

துறைமுகத்தில் ஆறு மாடி உயரத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிறவர் அவர். அங்கிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றாது. ஊசியைப் பார்த்தால் மட்டும் சுற்றும். இந்த ரகசியம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு.

காலையில் அந்த மனைவிதான் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போனில் உத்தரவு போட்டிருந்தாள். "ஊரெல்லாம் கக்குவான் இருமல் சுத்துது. நாளைக்குப் பாப்பாவை வீட்டுக்குக் கொண்டு வரோம். இன்னிக்கே பெரியவளோட போய் ஊசி வேலையை முடிச்சிட்டு வாங்க. ஊசி போடாத யாரும் பாப்பாவைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!"

பிறந்ததிலிருந்து பாப்பாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறார். நாளைக்கு அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. பெரியவள் அடம்பிடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

"குழந்தைகிட்ட பொய் சொல்லாதீங்க சார்" என்றார் நர்ஸ். "ஊசிதான் கண்ணு. சுருக்குனு இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

மகள் ஓடிப்போய் மேஜைக் காலைக் கட்டிக்கொண்டாள். "பயமா இருக்குப்பா!"

கிரேன்காரர் பேரத்தில் இறங்கினார். "ஏன் சிஸ்டர், இவங்க அம்மா மாசமா இருக்கும்போதே இந்த ஊசியைப் போட்டுக்கிட்டா. அந்த எதிர்ப்பு சக்தி பாப்பாவுக்குப் போதாதா?"

"அது இரவல் சார். அம்மாகிட்ட வாங்கிட்டு வந்தது, கொஞ்ச மாசத்துல கரைஞ்சிடும். ஊசி போட்டு உடம்பு தானா கத்துக்கிறதுதான் சொந்தம். அதையும் அப்பப்போ புதுப்பிக்கணும். பாப்பாவுக்குச் சொந்தமா வர்ற வரைக்கும் வீட்ல இருக்கறவங்கதான் வேலி."

"எங்க பரம்பரைக்கே எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி!"

"தெரியுதே. வந்ததுலேர்ந்து எதிர்த்துக்கிட்டேதானே இருக்கீங்க."

பெஞ்சில் குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்கள் குலுங்கிச் சிரித்தார்கள். போன மானத்தை மீட்க கிரேன்காரர் மார்பை நிமிர்த்தினார். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு விஷயமாடி? கொசு கடிக்கிற மாதிரி. நானா இருந்தா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுக்குவேன்!"

மகள் மேஜைக் காலை விட்டாள். "அப்ப முதல்ல நீங்க போட்டுக்குங்க."

அவருக்கு வியர்த்தது. நர்ஸின் காதருகே குனிந்தார். "சிஸ்டர், சும்மா போடற மாதிரி பாவ்லா காட்டுங்களேன்."

நர்ஸ் ஊரறியச் சொன்னார். "பாவ்லா எல்லாம் இங்க கிடையாது. போட்டா நிஜ ஊசிதான். பெரியவங்களும் போட்டுக்க வேண்டியதுதான். போடட்டுமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகள்கூட அவரையே பார்த்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விட்ட பாப்பாவின் முகம் அவர் நினைவில் வந்தது.

"போடுங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

காய்ச்சல் உண்டா, முன்பு ஊசி போட்டு ஒவ்வாமை வந்திருக்கிறதா என்று நர்ஸ் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று சொல்லித் தப்பித்துவிட நாக்கு துடித்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு..."

"தாராளமா குடிங்க. போட்டாச்சு."

"போட்டாச்சா?"

"எப்பவோ!"

துள்ளி எழுந்தார். தாய்மார்கள் கைதட்டினார்கள். கையில் ஒட்டிய பஞ்சை நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்டினார். இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம்! பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"பாத்தியா? அப்பா அழுதேனா? வா, இப்ப உன் முறை!"

மகள் சாவகாசமாகக் கவுன் பைக்குள் கை விட்டு, ஒரு சிவப்பு பலூனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எனக்குப் போன வாரமே போட்டாச்சுப்பா. இது, நீங்க அழாம போட்டுக்கிட்டா குடுக்கச் சொல்லி அம்மா குடுத்தது."