பதினான்கு நாள் ஒட்டியிருக்க வேண்டும்

மோகனராஜ் சேதுராமனுக்குக் கொடுக்க வேண்டியது இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். போன வருஷம் கட்டுகஸ்தோட்டை மைதானத்தில் நடந்த இசைக் கச்சேரிக்கு மேடை கட்டிய கூலி. பதினோரு மாதமாக அது மோகனராஜுக்கு ஞாபகம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. பெயருக்குக் கீழே 'நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்' என்று அட்டை அடிக்க வந்தது. இந்த வருஷக் கச்சேரிக்கு எண்ணூறு டிக்கெட்டை முன்கூட்டியே விற்கவும் வந்தது.

அனுமதி வாங்கத்தான் வரவில்லை.

கச்சேரிக்கு முப்பது நாள் இருக்கும்போது மாநகர சபை அலுவலகத்தில் போய் நின்றான். அனுமதிப் பிரிவில் இருந்த சுகிர்தா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சிரிக்காமல் விதியைச் சொன்னார்.

"மைதான வாசல்ல மூண்டு மொழியிலயும் நோட்டீஸ் ஒட்டோணும். பதினாலு நாள் இருக்கோணும். இடையில போனா, திரும்ப முதல் நாளிலயிருந்துதான் கணக்கு. ஆட்சேபனை வந்தா அதையும் தீர்த்துப்போட்டுத்தான் அனுமதி."

"அதையெல்லாம் யாரு மிஸ் வாசிக்கிறா?"

"வாசிக்கத்தானே ஒட்டுறது."

மோகனராஜுக்கு அது புதுச் செய்தி. வெளியே வந்து சேதுராமனைக் கூப்பிட்டான்.

"சேது, நோட்டீஸ ஒட்டிவிட்டுரு. பழைய கணக்கோட சேத்துக்கலாம்."

"எங்க ஒட்டணும், மொதலாளி?"

"ஒட்டின மாதிரியும் இருக்கணும், எவன் கண்ணுலயும் படவும் கூடாது."

சேதுராமன் ஏணி வைத்து மின்கம்பத்தில் பத்தடி உயரத்தில் ஒட்டினார். ஐந்தாம் நாள் சோதிக்க வந்த சுகிர்தா கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார்.

"இதை ஆர் வாசிக்கிறது, காகமோ? சக்கர நாற்காலியில வாறவைக்கும் வாசிக்கிற உயரத்தில ஒட்டுங்கோ. நாலடி."

ஐந்து நாள் போயிற்று. வாசல் சுவரில் நாலடி உயரத்தில் புதிதாக ஒட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் சேதுராமனிடமிருந்து போன் வந்தது.

"மொதலாளி, நோட்டீஸ மாடு தின்னுருச்சுங்க."

"மாடா?"

"மூணு மொழியையும் தின்னுருச்சு. கோதும மாப் பசை ருசியா இருந்திருக்கும்."

மோகனராஜ் ஓடிப் போய்ப் பார்த்தான். சுவரில் நாலு மூலை மட்டும் மிச்சம். பால்கார நல்லம்மாவின் மாடு பக்கத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஒம் மாட்டக் கட்டி வைக்கத் தெரியாதா?"

"அதுக்கு வாசிக்கத் தெரியாதுங்க, தின்னத்தான் தெரியும்" என்றாள் நல்லம்மா.

ஒரு பலகை வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பலகைக்குக் காசு வேண்டும். மோகனராஜ் மூளையைச் செலவழித்தான். ஒரு பாக்கெட் மிளகாய்த்தூளை வாங்கி சேதுராமன் கையில் கொடுத்தான்.

"பசையில கலந்து ஒட்டு. நாக்க வச்சா துடிக்கணும்."

ஆறாம் நாள் அந்த நோட்டீஸும் போயிருந்தது.

"காரம் பழகிருச்சு போலங்க" என்றார் சேதுராமன்.

அன்று பின்னேரமே நல்லம்மா மோகனராஜின் வீட்டு வாசலில் நின்றாள். "மாட்டுக்கு வயித்தால போவுது. மருந்துக்கு ஐந்நூறு தாறீங்களா, இல்ல ஆபீஸ் மிஸ்ஸுகிட்ட போய்ச் சொல்லட்டுமா?"

கொடுத்தான்.

இனி பதினாறு நாள்தான் இருந்தது. "நீயே பக்கத்துல உக்காந்து காவல் பாரு" என்றான் சேதுராமனிடம்.

"அதுக்குக் கூலி?"

"பழைய கணக்கோட சேத்துக்கலாம்."

சேதுராமன் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில். எழுத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் நோட்டீஸைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். 'ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் அறிவிக்கவும்' என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார். பேனை இல்லாதவர்களுக்குப் பேனையும் கொடுத்தார்.

பதினாலாம் நாள் சுகிர்தாவின் மேசையில் ஒன்பது கடிதங்கள் இருந்தன.

"ஒன்ன காவலுக்கு வச்சேனா, வாசிக்க வச்சேனா?" என்று மோகனராஜ் கத்தினான்.

"சும்மா உக்காந்தா தூக்கம் வருதுங்க."

ஏழு கடிதம் சத்தத்தைப் பற்றியது. பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தான். எட்டாவது கடிதத்தை எழுதிய ஸனா டீச்சர் சக்கர நாற்காலியில் நேரிலேயே வந்திருந்தார்.

"வீல்செயாருக்குப் பாதை இருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. போன வருஷமும் ஒரு பலகையப் போட்டீங்க. அதுக்கு மேல ஐஸ்கிரீம் வண்டிய நிப்பாட்டினீங்க. டிக்கெட் எடுத்துட்டு நான் கேட்டுக்கு வெளியில இருந்து பாட்டுக் கேட்டேன்."

"அடுத்த வருஷம் செய்வோம் டீச்சர்."

சுகிர்தா அனுமதிக் கோப்பை மூடினார். மோகனராஜ் அதைத் தானே திறந்து வைத்தான். கம்பளையிலிருந்து தச்சனைக் கொண்டுவந்து, கைக்காசு கொடுத்து, மறுநாள் மத்தியானத்துக்குள் சரிவுப் பாதை போட்டான். ஸனா டீச்சர் யாரும் தள்ளாமல் ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

விடிந்தால் கச்சேரி. அலுவலகம் மூட அரை மணி நேரம் இருந்தது. சுகிர்தா ஒன்பதாவது கடிதத்தை எடுத்தார். எழுத்து பெரிது பெரிதாக, கொஞ்சம் கோணலாக இருந்தது.

"'போன வருஷம் மேடை கட்டிய கூலி ரூபாய் 23,750 இன்னும் தரவில்லை. தந்தால் ஆட்சேபனை இல்லை. இப்படிக்கு, கு. சேதுராமன்.'"

மோகனராஜ் திரும்பிப் பார்த்தான். சேதுராமன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ், இது எங்க சொந்த விசயம்."

"கூலி குடுக்காமல் மேடை கட்டினவர் இந்த முறையும் அப்பிடித்தானே செய்வார்? நாலே கால் மணி வரைக்கும்தான் நான் இருப்பன்."

எண்ணூறு டிக்கெட் கண்ணுக்கு முன்னால் வந்தது. மோகனராஜ் காசை எண்ணி வைத்தான். சேதுராமன் இரண்டு தரம் எண்ணினார். பிறகு ஆட்சேபனையை மீளப் பெறுவதாக ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். மோகனராஜ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வியர்த்தான். முத்திரை விழுந்தது.

நோட்டீஸைக் கிழித்தெடுக்க இருவரும் மைதானத்துக்கு வந்தார்கள். அனுமதிப் பத்திரம் சட்டைப்பைக்குள் போனதும் மோகனராஜின் நெஞ்சு பழையபடி நிமிர்ந்தது.

"ஒனக்கு அதிர்ஷ்டம்டா சேது. அந்த மாடு மட்டும் நாள வீணாக்காட்டி, ஒன் கடிதத்த குப்பையில போட்டுட்டு வேற மைதானம் பாத்திருப்பேன். ஒரு சதம் கண்டிருக்க மாட்ட."

"ஆமாங்க மொதலாளி."

வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நல்லம்மா சேதுராமனைப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணே, காசு வந்துருச்சில்ல? அப்ப நாளையில இருந்து மாட்ட இங்க ஓட்டிக்கிட்டு வர வேணாந்தானே? அந்த மிளகாத்தூள் பாக்கெட்டையும் நானே வச்சுக்கிறேன், இன்னும் பிரிக்காமயே கெடக்கு."