பைக் கண்ணாடிக்கு வந்த ஹம்மிங்பேர்ட்

மரக்காணம்.

பாசமுள்ள தங்கை ரோஸ்லினுக்கு,

அண்ணன் அந்தோணிதாஸ் மாதாவின் துணையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி ஆனந்தம்மாள், பைக் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. அரிசோனாவில் சுகமாக இருப்பதைத்தான் தினமும் போட்டோ எடுத்து அனுப்புகிறாயே. வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று யோசிப்பாய். ஒரே காலையில் கொஞ்சம் அதிகமாகப் படம் அனுப்பினேன் என்று நம் தம்பி சார்லஸ் என்னைக் குடும்ப குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். அத்தனையும் என் கட்டைவிரலாம். அவனுக்கு ரசனை போதாது. உனக்குத் தனியாக அனுப்பலாம்தான், ஆனால் இது ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துப் பார்க்க வேண்டிய வெற்றி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சமையலறை ஜன்னலில் சிவப்பு பாட்டிலைத் தொங்கவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வந்த ஹம்மிங்பேர்டைப் படம் பிடித்து அனுப்பினாயே, அன்றைக்கு நான், "இது இன்னா பெரிய விஷயம், நம்ம வீட்டுக்குக் கூடத்தான் வருது" என்றேன். நீ சிரித்தாய். "மரக்காணத்துல உப்பைத் தவிர பாக்கறதுக்கு என்னண்ணா இருக்குது? நீ அதை போட்டோ எடுத்துக் காட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பசங்களைக் கூட்டிக்கினு வர்றேன்" என்றாய். நீ வந்து ஆறு வருடமாகிறது. உன் சின்னவனை நான் இன்னும் தூக்கியதே இல்லை, இனிமேல் தூக்கினால் என் இடுப்பு தாங்குமோ என்னவோ. அந்த நிமிடமே போனும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டேன்.

முதலில் உன் வழியிலேயே போனேன். உன் அண்ணி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு சிவப்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, டப்பாவிலிருந்து வெள்ளையாக இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கி, செம்பருத்திக் கிளையில் கட்டினேன். பறவை வந்தது, ஒரு வாய் வைத்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது, போய்விட்டது. "உப்பளத்துக்காரன் வூட்ல வெள்ளையா இருந்தா அது உப்புதான்னு தெரியாதா? அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று உன் அண்ணி பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் காப்பியும் அதே டப்பாவிலிருந்துதான் வந்தது.

ஆனாலும் மறுநாள் பறவை திரும்பி வந்தது. பாட்டிலுக்கு இல்லை, என் பைக் கண்ணாடிக்கு. உள்ளே இன்னொரு பறவை இருப்பதாக நினைத்துக்கொண்டு டொக்கு டொக்கென்று கொத்தி ஒரே சண்டை. நம் குடும்பத்துப் பறவைதான், சந்தேகமே இல்லை. அது வருமே என்று நான் பைக்கை எடுப்பதையே விட்டுவிட்டேன். உன் அண்ணி பூசைக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். போகும்போது ஒன்றும் பேசவில்லை, வந்த பிறகு பேசினாள். என்னைக் கண்டதும் பறவை பறந்துவிடுகிறது என்று, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பைக் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்து நின்றார் நம் பங்குச் சாமியார். கொளுத்துகிற வெயிலில் போர்வைக்குள் ஓர் ஆள். "என்னம்மா, எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று தணிந்த குரலில் கேட்டார். "கட்டிக்கினு வந்ததுலேருந்து இப்படித்தான் சாமி" என்றாள் உன் அண்ணி. அவர் உடனே ஜெபம் சொல்லி என் தலையில் தீர்த்தம் தெளித்தார். நான் திடுக்கிட்டுத் துள்ளியதில் விரல் எங்கேயோ பட்டு, போன் படம் எடுத்துவிட்டது.

அந்தப் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். கண்ணை நன்றாகத் திறந்து பார். கருநீல உடம்பு, வெயில் பட்ட இடத்தில் பச்சை மினுமினுப்பு, வளைந்த மூக்கு. உன் படத்தில் ஒரே ஒரு பறவை. என் படத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, ஆக இரண்டு. கண்ணாடிக்குள் அதற்குப் பின்னால் போர்வைக்குள் தெரிவது உன் அண்ணன். உன் அரிசோனாப் பறவை பாவம், உட்கார வழியில்லாமல் அந்தரத்திலேயே றெக்கை அடிக்கிறது. நம்முடையது கண்ணாடி மேல் ஜம்மென்று உட்கார்ந்து சண்டை போடுகிறது. ஜெயித்தது நான்தான், சாமியாரே சாட்சி. பேச்சு மாறாமல் டிக்கெட் எடு. கிறிஸ்துமஸ் சமயத்தில் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும், எனக்கும் வேலை இருக்காது, நாள் முழுக்க உன் பிள்ளைகளோடுதான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நெற்றியில் ஒரு சிலுவை போட்டு, இது மாமா போட்டது என்று சொல்லிவிடு.

வெற்றி பெற்ற அண்ணன்,
அந்தோணிதாஸ்

பின்குறிப்பு: இதை டிக்கெட் எடுத்த பிறகு மட்டும் படிக்கவும். எடுத்தாயிற்றா? சரி. கவரை ஒட்டப் போகும் நேரத்தில் உன் மருமகள் ஆஷ்லின் புதுச்சேரி ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்தாள். விலங்கியல் படிக்கிறாள் அல்லவா, படத்தைப் பார்த்ததும், "அப்பா, இது தேன்சிட்டுப்பா. ஹம்மிங்பேர்ட் நம்ம நாட்டுலயே கிடையாது" என்று சொல்லிவிட்டாள். கிடையாதென்றால் போகட்டும். டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிவிடாதேம்மா. உப்பைத் தவிர பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே, நான் இருக்கிறேன். நீ வந்தால் போர்வையை எடுத்துவிடுகிறேன்.