சுண்ணாம்புக்கு வந்த கோபம்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேதியியலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். முதுகலை வேதியியல் படித்துவிட்டு, நெம்மேலிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கும் நானே இதைச் சொல்கிறேன் என்றால், எவ்வளவு வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. முட்டை மேஸ்திரி. என் வயதுதான் இருக்கும். ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்று பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்தார். பீப்பாயில் சுட்ட சுண்ணாம்புக் கற்களைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். அது சீறிக் கொதிக்கும்போது, துணியில் கட்டிய நான்கு முட்டைகளை உள்ளே இறக்குவார். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. பீப்பாய்ப் பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "வெந்துச்சி" என்பார். வெந்திருக்கும்! அதுதான் அவருக்கு நாஸ்தா.

என் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கியது.

"ஏன் மேஸ்திரி சூடாவுது?"

"கோவம்பா. சூளையில போட்டு வாட்டி எடுத்திருக்கான் இல்ல? அத்தினியும் உள்ள வச்சிகினு கம்முனு கீது. தண்ணி பட்டதும் கக்குது."

மோர் பாட்டிலைக் குளிரவைக்க, ஒரு வாளித் தண்ணீரில் யூரியாவைக் கலக்கி அதில் நிறுத்துவார். "இது பயந்தாங்கொள்ளி. பக்கத்துல கீறவன் சூட்டை எல்லாம் இஸ்துக்கும்."

வெப்ப உமிழ் வினை, வெப்பம் கொள் வினை என்று நான் மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். பரீட்சைத் தாளில் அத்தனை பேரும் கோபம், பயம் என்று எழுதிவைத்தார்கள். அத்தனை பேருக்கும் சுழி போட்டேன். என்னுடைய பிள்ளைகள் அவருடைய வார்த்தையை எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

ஆய்வு நாளில் அதிகாரி நேராக என் வகுப்புக்கே வந்தார். இன்றைக்காவது பிள்ளைகள் என்னைப் பார்க்கட்டும் என்று, ஆய்வகப் புட்டியிலிருந்து சுட்ட சுண்ணாம்பைக் குவளையில் கொட்டி, தெர்மாமீட்டரைச் செருகினேன். "இப்போ பாருங்க, கொதிக்கும்" என்று தண்ணீர் ஊற்றினேன்.

கொதிக்கவில்லை. இட்லி மாவு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதிகாரி குவளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

ஜன்னலுக்கு வெளியே ஏணியிலிருந்து மேஸ்திரி இறங்குவது தெரிந்தது. மிச்சமிருக்கும் மானமும் போயிற்று என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, இறுக்கி மூடிய ஒரு டிபன் டப்பாவை நீட்டினார்.

"சார், நீங்க கேட்ட புதுக் கல்லு."

நான் எதையும் கேட்கவில்லை.

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "மூடி சரியா போடலன்னா, இந்தக் கடல் காத்துல சுண்ணாம்பு ஈரத்தைக் குடிச்சி, உள்ள கீற சூடெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா ஆறிப் பூடும் சார். மொதல்ல ஆறினத காட்டி, அப்பால புதுச காட்டணும்னு சார்தான் சொன்னாரு."

புதுக் கல் சீறியது. தெர்மாமீட்டர் விறுவிறுவென்று ஏறியது. அதிகாரி என்னைப் பாராட்டிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். பள்ளி திறந்ததிலிருந்து அந்தப் புட்டியை அரைகுறையாக மூடிவைத்த புண்ணியவான் நான்தான்.

"ஏன் மேஸ்திரி அப்படிச் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"உன் மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி சார். வெள்ளையடிக்கிறது என் வேலையாச்சே!" என்று ஒரு முட்டையை உரித்து என் கையில் வைத்தார்.

பாடம் நடத்துவதில் தோற்றதையாவது தாங்கிக்கொள்ளலாம். பெரிய மனசிலும் இவரே ஜெயித்தால் மனிதன் எங்கே போவது? அன்று மாலை உட்கார்ந்து அத்தனை சுழியையும் அடித்து, முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது மேஸ்திரி மகாபலிபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்க்கிறார். பீப்பாய் கொதித்தால் விருந்தாளிகள் கைதட்டுகிறார்கள். அதைப் பார்த்தும் எனக்கு எரிகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுகிறேன். சட்டைப்பையில் இரண்டு பச்சை முட்டை இருப்பதால், ஈ.சி.ஆரில் எல்லோரும் திட்டத் திட்ட வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.